‘படுத்தே இருங்கம்மா’ன்னு சொல்லாதீங்க... இடுப்பு எலும்பு உடைந்தவர்களை வீட்டில் பார்த்துக்கொள்வது எப்படி?

விடியற்காலை நாலு மணி. பாத்ரூம் போக எழுந்த 74 வயது அம்மா ஈரத் தரையில் வழுக்கி விழுகிறார். எழ முடியவில்லை. மகன் வெளிநாட்டில், மகள் வேறு ஊரில். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்போது பொழுது விடிந்துவிட்டது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் எந்தத் தெருவில் கேட்டாலும் இப்படி ஒரு கதை கிடைக்கும்.

விழுந்தவரின் ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகத் தெரிகிறதா? பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறதா? அப்படியென்றால் இடுப்பு மூட்டில் தொடை எலும்பு உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். சிலருக்கு இந்த அடையாளம் இருக்காது, காலை ஊன்ற முடியாத வலி மட்டும் இருக்கும். கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவது, எண்ணெய் தேய்த்து உருவுவது இரண்டும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

புத்தூர் கட்டு போட்டால் சரியாகுமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கை எலும்பை வெளியிலிருந்து கட்டி அசையாமல் வைக்க முடியும். இடுப்பு மூட்டு சதைக்குள் ஆழத்தில் இருக்கிறது, எந்தக் கட்டும் அதை நிறுத்தி வைக்காது. அதனால் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சைதான் வழி. அதையும் முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பது உலக அளவில் டாக்டர்கள் பின்பற்றும் கணக்கு.

கே.சி.ஆர். விஷயத்தில் நடந்தது என்ன?

தெலங்கானா முன்னாள் முதல்வர் கே.சந்திரசேகர ராவ் 2023 டிசம்பர் 7 இரவு வீட்டில் விழுந்தார். இடது இடுப்பு எலும்பு முறிந்தது. மறுநாளே ஹைதராபாத்தில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. அதற்கடுத்த நாள் அவர் வாக்கரைப் பிடித்து மெல்ல நடக்கும் வீடியோ வெளியானது. “நேத்துதானே ஆபரேஷன், அதுக்குள்ளயா?” என்று பலரும் ஆச்சரியப்பட்டார்கள். 2024 பிப்ரவரி 1-ம் தேதி சட்டமன்றத்துக்கு வந்து எம்.எல்.ஏ.வாகப் பதவியேற்றார்.

வி.ஐ.பி. என்பதால் நடந்த அதிசயம் இல்லை இது. ஆபரேஷனுக்கு மறுநாள் எழுப்பி உட்கார வைப்பது, நிற்க வைப்பது எல்லாருக்குமான சிகிச்சை முறை. ஆனால் நம்ம வீடுகளில் பாசத்தில் நேர்மாறாக நடக்கிறது. “அசையாதீங்கம்மா, எலும்பு கூடட்டும்” என்று படுக்க வைத்துவிடுகிறோம். வயதானவர்களுக்கு உயிர் ஆபத்து பெரும்பாலும் வருவது உடைந்த எலும்பால் அல்ல, இந்தப் படுக்கையால்தான். நுரையீரலில் சளி கட்டி நிமோனியா, காலில் ரத்தக்கட்டி, படுக்கைப் புண், சிறுநீர்த் தொற்று எல்லாம் வரிசையாக வருகின்றன.

படுக்கைப் புண்: சில மணி நேரம் போதும்

ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் வால் எலும்புப் பகுதியிலும் குதிகாலிலும் தோல் சில மணி நேரத்திலேயே பாதிக்கப்படத் தொடங்கும். முதல் அறிகுறி, அழுத்தினாலும் மறையாத சிவப்பு. கருத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிட அடர்த்தியாக, சூடாக, கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது அடிப்படை. புரட்டும்போது இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை இருக்கட்டும். குதிகாலுக்கு அடியில் தலையணை வைப்பது தவறு; கெண்டைக்கால் பகுதிக்கு அடியில் வைத்தால் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும். “ஏர் பெட் வாங்கிட்டோமே” என்று நிம்மதியாகிவிட வேண்டாம். ஏர் பெட் இருந்தாலும் புரட்டித்தான் ஆக வேண்டும்.

பகலில் எல்லாரும் இருப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்து புரட்டுவது? டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன்பே குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

‘வலி இல்லப்பா’ என்பதை நம்பலாமா?

பிள்ளைகளுக்குத் தொல்லை தரக்கூடாது என்று பல அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். முகம் சுளிப்பது, காலைத் தொடவிடாமல் தடுப்பது, சாப்பிட மறுப்பது எல்லாமே வலியின் மொழி. பிசியோதெரபிஸ்ட் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு வலி மாத்திரை கொடுத்தால் பயிற்சி நடக்கும் என்பதால், மாத்திரை நேரத்தை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். மெடிக்கல் ஷாப்பில் நாமாகவே கூடுதல் மாத்திரை வாங்கக் கூடாது, கிட்னிக்கு ஆபத்து. சில வலி மாத்திரைகளால் மலச்சிக்கலும் வரும். அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

திடீரென்று அம்மா இறந்துபோன தாத்தாவைக் கூப்பிடுகிறார், மகளையே யார் என்று கேட்கிறார் என்றால் “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடாதீர்கள். இது மூளைக்குழப்ப நிலை. தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மருந்து, சிறுநீர் அடைப்பு என்று காரணம் ஏதாவது இருக்கும். டாக்டருக்கு உடனே சொல்லுங்கள். கண்ணாடியும் காது மிஷினும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருப்பதே பாதி மருந்து.

இண்டியன் டாய்லெட், பாய், மாடிப்படி

மூட்டு மாற்றியவர்கள் சில வாரங்களுக்கு இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது என்று பல டாக்டர்கள் சொல்வார்கள். அதாவது பாயில் உட்காருவது, குந்துவது, தாழ்வான சோபா எல்லாம் கட். கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி வேண்டும். உடைந்த இடத்தில் ஆணி, பிளேட் வைத்தவர்களுக்கு விதி வேறு. காலில் எவ்வளவு பாரம் கொடுக்கலாம் என்பதை அவரவர் சர்ஜனிடம் எழுதியே வாங்கிக்கொள்ளுங்கள். லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டில் இரண்டாவது மாடி என்றால், கீழ்த்தளத்தில் தற்காலிகமாக ஓர் அறை கிடைக்குமா என்று பார்ப்பது நல்லது.

சாப்பாட்டில் ரசம் சாதமும் கஞ்சியும் மட்டும் போதாது. 50 கிலோ எடையுள்ளவருக்கு இந்தச் சமயத்தில் தினமும் 60 கிராம் அளவுக்குப் புரதம் தேவைப்படும். ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம்தான். பால், தயிர், பருப்பு, சுண்டல், மீன் என்று பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆள் வைப்பதா, நர்ஸ் வைப்பதா?

ஏஜென்சிகள் ‘ஹோம் நர்ஸ்’ என்று அனுப்பும் எல்லாரும் நர்ஸ் இல்லை. குளிப்பாட்ட, புரட்ட, நடக்க வைக்க பயிற்சி பெற்ற உதவியாளர் போதும். ஊசி போட, காயம் கட்ட என்றால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்தவர்தான் வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பணம் கட்டி ஆள் வைக்க முடியாதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கான ஆதரவு சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. பக்கத்திலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். கிண்டியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட 200 படுக்கை தேசிய முதியோர் நல மருத்துவமனையும் தாம்பரத்திலிருந்து எட்டும் தூரம்தான். முதியோர் உதவி எண் 14567.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ, திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சு வலியோ வந்தாலோ, காயத்தில் நீர் கசிந்து காய்ச்சல் அடித்தாலோ, கால் மீண்டும் குட்டையாகித் திரும்பிக்கொண்டாலோ மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

கடைசியாக, பலரும் கேட்க மறக்கும் ஒன்று. சாதாரணமாக வழுக்கி விழுந்ததற்கே இடுப்பு உடைகிறது என்றால் எலும்பு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடுத்த இடுப்பும் உடையலாம். முதல் செக்கப்புக்குப் போகும்போது தையலைக் காட்டுவதோடு, எலும்புத் தேய்மானத்துக்கு எப்போது மருந்து தொடங்குவது என்றும் கேளுங்கள். வருடத்துக்கு ஒரே ஒரு முறை போடும் ஊசிகூட இருக்கிறது. அதற்கு முன்பே பாத்ரூமில் கைப்பிடியும், கட்டிலிலிருந்து அங்கே போகும் வழியில் ஒரு நைட் லேம்ப்பும் மாட்டிவிடலாம்.