கொல்கத்தாவில் ‘பொரோ தின்’: பெரிய குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குத் தயாராவது எப்படி?

கொல்கத்தா: வங்காளிகள் ‘பொரோ தின்’, அதாவது பெரிய நாள் என்று அழைக்கும் கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு, கொல்கத்தாவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல வாரங்களுக்கு முன்பே தயாராகத் தொடங்குகின்றன. நான்கைந்து பிள்ளைகள், தாத்தா பாட்டி, விடுமுறைக்கு வரும் உறவினர் எனப் பலர் கூடும் வீடுகளில், செலவும் வேலையும் பெரும்பாலும் பெற்றோர் மீதே விழுகின்றன. அந்தப் பளுவைக் குறைக்க, அடுப்பைக்கூட வாடகைக்குத் தரும் பழைய ஏற்பாடுகள் இந்நகரில் இன்றும் உள்ளன.

கூடும் குடும்பங்கள்

கொல்கத்தாவில் வங்காளக் கிறிஸ்தவர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், கோவா வம்சாவளியினர், தென்னிந்தியர்கள் எனப் பல சமூகத்தினர் இப்பண்டிகையைக் கொண்டாடுகின்றனர். மத்திய கொல்கத்தாவின் போ பாராக்ஸ் குடியிருப்பு இதற்குப் பெயர் பெற்றது. முதலாம் உலகப் போர்க் காலத்தில் படைவீரர்களுக்காகக் கட்டப்பட்ட இந்தச் செங்கல் கட்டடங்கள், பின்னர் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வசிப்பிடமாயின. 1947-க்குப் பிறகு இச்சமூகத்தினர் பலர் பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். எனவே, ஆண்டு முழுவதும் நான்கு பேர் இருக்கும் வீட்டில், டிசம்பர் இறுதியில் பத்து, பன்னிரண்டு பேருக்குச் சமைக்க நேரிடுவது உண்டு.

முதல் வேலை பழம் ஊறவைத்தல்

திருவருகைக் காலம் தொடங்கும் முன்பே, உலர் திராட்சை, ஆரஞ்சுத் தோல், செர்ரி போன்றவை பொடியாக நறுக்கப்பட்டு ரம் அல்லது பிராந்தியில் ஊறவைக்கப்படுகின்றன. வெண்பூசணியைச் சர்க்கரைப் பாகில் இட்டுச் செய்யும் ‘மொரப்பா’வும் கொல்கத்தா கேக்குகளில் சேர்க்கப்படுகிறது. சிறு குழந்தைகளுக்காக மதுவைத் தவிர்க்கும் பெற்றோர், ஆரஞ்சுச் சாற்றைப் பயன்படுத்துகின்றனர். ஆனால், மதுவில் ஊறும் பழத்தைப் போல இதை வாரக்கணக்கில் வெளியே வைக்க முடியாது. கேக் செய்வதற்கு ஓரிரு நாள்களுக்கு முன் ஊறவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே பாதுகாப்பானது.

வாடகைக்கு ஒரு பேக்கரி அடுப்பு

பெரிய குடும்பங்களுக்கு ஒன்றிரண்டு கேக்குகள் போதாது. வீட்டினருக்கும் விருந்தினருக்கும் மட்டுமன்றி, அண்டை வீட்டார், ஆசிரியர்கள், அலுவலக நண்பர்கள் ஆகியோருக்கும் கேக் கொடுப்பது வழக்கம். எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டுக்கு ஒரு பவுண்டு (454 கிராம்) எடையுள்ள 20 கேக்குகள் தேவை எனக் கொள்வோம். வீட்டிலுள்ள சிறிய மின் அடுப்பில் ஒரு முறைக்கு இரண்டு கேக்குகளே வைக்க முடியும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அப்படியானால், அடுப்பின் அருகிலேயே 10 மணி நேரம் நிற்க வேண்டும்.

இதற்குத் தீர்வாக, தால்தலா உள்ளிட்ட பகுதிகளின் பழைய பேக்கரிகள் கிறிஸ்துமஸ் வாரத்தில் தங்கள் பெரிய அடுப்புகளைக் குடும்பங்களுக்குத் திறந்துவிடுகின்றன. மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை, ஊறிய பழங்கள் அனைத்தையும் வீட்டினரே கொண்டு செல்கின்றனர். பேக்கரித் தொழிலாளர்கள் அவற்றைப் பெரிய பாத்திரத்தில் கையால் கலந்து, அச்சுகளில் ஊற்றிச் சுட்டுத் தருகின்றனர். கூலி மட்டும் கொடுத்தால் போதும். கலவை மாறிவிடாமல் இருக்கக் குடும்பத்தினர் ஒருவர் உடன் நின்று கவனிப்பதும், கேக்குகளில் குடும்பத்தின் அடையாளச் சீட்டு வைக்கப்படுவதும் வழக்கம். இந்த பேக்கரிகளில் பலவற்றை நடத்துவோரும், அங்கு இரவு பகலாகப் பணிபுரிவோரும் முஸ்லிம்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

கேக்கை விலைக்கு வாங்குவோர் நாடுவது, 1874-ல் திறக்கப்பட்ட நியூ மார்க்கெட்டை. பாக்தாதி யூதக் குடும்பம் 1902-ல் தொடங்கிய நஹூம்ஸ் கடையின் முன் டிசம்பர் மாதத்தில் நீண்ட வரிசை காணப்படும். 1930-ல் கோவா வம்சாவளிக் குடும்பம் தொடங்கிய சால்தான்யா பேக்கரியும் புகழ்பெற்றது.

செலவைப் பிரிப்பது எப்படி?

ஒரே மாதச் சம்பளத்தில் அனைத்தையும் வாங்க முயல்வதே பெற்றோருக்குப் பெரும் நெருக்கடியாகிறது. கெடாத பொருள்களான முந்திரி, உலர் பழங்கள், சர்க்கரை ஆகியவற்றை அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே சிறிது சிறிதாக வாங்கினால் டிசம்பர் செலவு குறையும். முட்டை, வெண்ணெய் ஆகியவற்றைக் கேக் சுடும் வாரத்தில்தான் வாங்க வேண்டும். டிசம்பரில் தேவை கூடுவதால் முட்டை விலை உயர்வது வழக்கம் என்பதால், அதற்கெனத் தனியே தொகை ஒதுக்குவது நல்லது.

கேக், பிஸ்கட் ஆகியவற்றின் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வெண்ணெய், பாதாம் ஆகியவற்றின் மீதான வரியும் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமானது.

பிள்ளைகள் பலர் உள்ள வீட்டில் புத்தாடையும் பரிசும் சமமாக அமைவது முக்கியம். மூத்த பிள்ளைகளிடம் மொத்தத் தொகையைச் சொல்லி, அதற்குள் தேர்ந்தெடுக்கச் செய்தால் பின்னர் மனக்கசப்பு எழாது. ஒவ்வொருவரும் எல்லாருக்கும் பரிசு வாங்குவதற்குப் பதிலாக, சீட்டுக் குலுக்கி ஒருவருக்கு ஒருவர் பரிசளித்தால், பத்துப் பேர் உள்ள குடும்பத்தில் 90 பரிசுகளுக்குப் பதில் 10 பரிசுகளே போதும்.

பிள்ளைகளுக்கும் பங்கு

குல்குல் எனப்படும் இனிப்புப் பலகாரம், பலர் சேர்ந்து செய்ய ஏற்றது. தமிழகத்தின் கலகலாவை ஒத்த இதன் மாவை, சிறு உருண்டைகளாக்கி முள்கரண்டி அல்லது சுத்தமான சீப்பின் மீது அழுத்திச் சுருட்டுவது சிறுவர்களின் வேலை. எண்ணெயில் பொரிப்பதைப் பெரியவர்கள் கவனிக்கின்றனர். தமிழகத்தில் அச்சு முறுக்கு எனப்படும் ரோஸ் குக்கீயும் இவ்வீடுகளில் இடம்பெறுகிறது. இவ்விரண்டும் காற்றுப் புகாத டப்பாக்களில் பல நாள்கள் கெடாமல் இருக்கும் என்பதால், ஒரு வாரம் முன்பே செய்துவிடலாம்.

24, 25 தேதிகளில்

டிசம்பர் 24 இரவு, 1847-ல் அர்ச்சிக்கப்பட்ட புனித பவுல் பேராலயம் உள்ளிட்ட தேவாலயங்களில் நள்ளிரவு வழிபாடு நடைபெறுகிறது. சிறு குழந்தைகளுடன் செல்வோர் அவர்களைப் பிற்பகலிலேயே உறங்க வைப்பதும், கம்பளி உடைகளை எடுத்துச் செல்வதும் அவசியம். குழந்தைகளால் விழித்திருக்க இயலாத குடும்பங்கள், 25-ஆம் தேதி காலை வழிபாட்டுக்குச் செல்லலாம்.

மஞ்சள் சோறு, கோலா உருண்டைக் குழம்பு, விண்டாலு, வாத்து வறுவல் ஆகியவை ஆங்கிலோ இந்திய வீடுகளின் விருந்தில் இடம்பெறும். விண்டாலு மறுநாள் சுவை கூடும் உணவு என்பதால், 24-ஆம் தேதி காலையிலேயே சமைத்துவிட்டால் பண்டிகை நாளில் தாய்மார் முழு நேரமும் அடுப்படியில் நிற்க வேண்டியதில்லை.

பார்க் ஸ்ட்ரீட்டில் 2011 முதல் அரசு சார்பில் கிறிஸ்துமஸ் விழா நடத்தப்படுகிறது. ஒளி அலங்காரத்தைக் காண 24, 25 தேதிகளின் மாலையில் பெருங்கூட்டம் திரள்வதால், குழந்தைகள் பலரை அழைத்துச் செல்லும் பெற்றோர் அதற்கு முந்தைய நாள்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அன்றைய தினங்களில்தான் செல்ல முடியும் என்றால், ஒவ்வொரு பெரியவரும் எந்தக் குழந்தையைக் கவனிக்க வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, குழந்தைகளின் சட்டைப்பையில் பெற்றோரின் கைப்பேசி எண்ணை எழுதி வைக்க வேண்டும்.