மண்டை ஓடும் மூளை அறுவை மருத்துவமும்

‘எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்’ என்பது பழமொழி. அச்சிரசினுள் ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள மூளை இருக்கிறது. பார்த்தல், கேட்டல், பேசுதல், நடத்தல், நினைத்தல் ஆகிய யாவற்றையும் அதுவே ஆள்கிறது. மூளையைச் சூழ்ந்து காக்கும் எலும்புக் கோட்டையே மண்டை ஓடு. ஆனால் மூளையில் கட்டி தோன்றும்போது, காவலாக நிற்கும் அக்கோட்டையே மருத்துவருக்குப் பெருந்தடையாகவும் அமைந்துவிடுகிறது.

மண்டை ஓட்டின் அமைப்பு

மண்டை ஓட்டில் 22 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 14 எலும்புகள் முகத்தை உருவாக்குகின்றன. எஞ்சிய 8 எலும்புகள் மூளையைச் சூழ்ந்து கபாலமாக அமைகின்றன. நெற்றியெலும்பு ஒன்று, உச்சியெலும்புகள் இரண்டு, காதையொட்டிய பொட்டெலும்புகள் இரண்டு, பிடரியெலும்பு ஒன்று, அடித்தளத்தில் ஆப்பு வடிவ எலும்பு ஒன்று, மூக்கின் மேற்புறம் சல்லடை போன்ற எலும்பு ஒன்று என அவை எட்டாகும்.

பிறந்த குழந்தையின் தலையில் இவ்வெலும்புகள் முழுமையாக ஒன்றோடொன்று இணைந்திருப்பதில்லை. தாய்மார்கள் எண்ணெய் வைக்கும் உச்சிக்குழி அத்தகைய இடைவெளியே ஆகும். மூளை வளர அது இடமளிக்கிறது. ஏறத்தாழ ஒன்றரை வயதுக்குள் மூடிக்கொள்கிறது. பின்னர் எலும்புகள் தையலிட்டாற்போல் பிணைந்து அசைவற்றவை ஆகின்றன. வளர்ந்தவரின் தலையெலும்புகளில் கீழ்த்தாடை மட்டுமே அசையக்கூடியது.

மண்டை ஓடு எங்கும் ஒரே தடிப்புடையதன்று. பிடரியில் தடித்தும், நெற்றிப்பொட்டில் மெலிந்தும் காணப்படும். அடித்தளத்தில் பல துளைகள் உள்ளன. அவற்றுள் மிகப்பெரிய துளையின் வழியே மூளையின் தொடர்ச்சியான தண்டுவடம் கீழிறங்குகிறது. சிறிய துளைகள் வழியே இரத்தக் குழாய்களும், கண், காது, முகம், நாக்கு ஆகியவற்றுக்குரிய கபால நரம்புகளும் செல்கின்றன.

எலும்புக்கும் மூளைக்கும் இடையே டியூரா மேட்டர், அரக்னாய்டு உறை, பயா மேட்டர் என மூன்று உறைகள் உள்ளன. உள்ளுறைகள் இரண்டுக்கும் நடுவே தெளிந்த மூளைத் தண்டுவட நீர் நிறைந்துள்ளது. மூளை அந்நீரில் மிதப்பதால் அதன் எடை அதனையே அழுத்துவதில்லை; சிறு அதிர்ச்சிகளும் தணிகின்றன.

இடமில்லாத பெட்டி

மண்டை ஓட்டினுள் மூளை, இரத்தம், மூளைத் தண்டுவட நீர் ஆகிய மூன்றும் இடைவெளியின்றி நிறைந்துள்ளன. இம்மூன்றில் ஒன்று மிகுந்தால் மற்றவை குறைந்தாக வேண்டும். எடின்பரோ நகர மருத்துவ அறிஞர் அலெக்சாண்டர் மன்றோ 1783-ஆம் ஆண்டிலேயே இவ்வுண்மைக்கு அடித்தளமிட்டார்.

வயிற்றில் கட்டி வளர்ந்தால் வயிறு விரிந்து இடமளிக்கும். மண்டை ஓடு விரியாது. ஆகவே கட்டி சிறிதாயினும் உள்ளழுத்தம் உயரக்கூடும். விடியற்காலைத் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு ஆகியவை அதன் அறிகுறிகளாகத் தோன்றலாம்.

வெற்றி பெற்ற அறுவை, பிழைக்காத நோயாளி

1884-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் இலண்டனில் ரிக்மன் காட்லீ என்னும் அறுவை மருத்துவர் ஓர் இளைஞரின் மண்டை ஓட்டைத் திறந்து மூளைக் கட்டியை அகற்றினார். எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. இளைஞரின் இடக்கையில் தோன்றிய துடிப்பையும் தளர்ச்சியையும் கொண்டு, கட்டி மூளையின் வலப்புறத்தில் இருக்க வேண்டும் என்று ஹியூஸ் பென்னட் என்னும் மருத்துவர் கணித்திருந்தார். கணித்த இடத்திலேயே கட்டி இருந்தது. ஆயினும் காயத்தில் கிருமித் தொற்று ஏற்பட்டு, 28-ஆம் நாள் அவ்விளைஞர் இறந்தார். கட்டியை அகற்றுவதோடு பணி முடிவதில்லை, அதன்பின் வரும் இடர்களையும் வெல்ல வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உலகிற்கு உணர்த்தியது.

அடுத்த தலைமுறையில் அமெரிக்க மருத்துவர் ஹார்வி குஷிங் இரத்தப் போக்கைக் கட்டுப்படுத்த வழி கண்டார். 1911-இல் இரத்தக் குழாய்களை இறுக்கும் சிறு வெள்ளிக் கவ்விகளை அறிமுகப்படுத்தினார். 1926-இல் மின்சாரத்தால் குழாய்களைச் சுட்டு அடைக்கும் கருவியைப் பயன்படுத்தினார். 1931-ஆம் ஆண்டுக்குள் அவர் 2,000 மூளைக் கட்டி அறுவைகளை முடித்திருந்தார்.

கட்டி இருக்கும் இடம்

அறுவையின் இடர் கட்டியின் தன்மையையும் அளவையும் மட்டுமன்றி, அது அமைந்துள்ள இடத்தையும் பொறுத்தது. எலும்புக்கு அருகே மேற்பரப்பில் உள்ள கட்டியை அடைவது பெரும்பாலும் எளிது. காது நரம்பில் தோன்றும் கட்டியையொட்டி முகநரம்பு செல்கிறது. அது பழுதுபட்டால் முகத்தின் ஒரு பக்கம் அசைவிழக்கும், கண்ணிமை மூடாது. பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பி மண்டை ஓட்டின் அடித்தளக் குழியில் அமர்ந்துள்ளது. அங்குத் தோன்றும் கட்டியைப் பெரும்பாலும் மூக்கின் வழியாகவே சென்று அகற்றுகின்றனர். இவ்வழியில் தலையைத் திறக்க வேண்டியதில்லை. எனினும் மூளைத் தண்டுவட நீர் மூக்கின் வழியே கசியும் இடர் உண்டு.

அறுவைக்குப் பின் வரும் இடர்கள்

அறுவையின்போது எலும்பில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, பணி முடிந்தபின் அதனை மீண்டும் பொருத்தி, டைட்டானியத் தகடுகளால் இறுக்குவர். மூளை மிகவும் வீங்கியிருந்தால், வீக்கம் வற்றும்வரை அத்துண்டைப் பொருத்தாமல் பாதுகாத்து வைப்பதும் உண்டு.

முதல் நாளில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது இரத்தக் கசிவையே. வேறிடத்தில் சிறிதளவு இரத்தம் தேங்கினால் உடல் தாங்கிக்கொள்ளும். இடமில்லாத கபாலத்தில் அதுவே மூளையை நசுக்கிவிடும். வீக்கமும் அத்தகையதே. மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தெளிந்த நீர் சொட்டினால் அதனைச் சளி என்று ஒதுக்கிவிடக் கூடாது. நீர் வெளிவரும் வழியே கிருமிகள் உட்புகுந்து மூளை உறைகளில் அழற்சியை உண்டாக்கலாம். எனவேதான் பிட்யூட்டரி அறுவை செய்துகொண்டவர் மூக்கைச் சிந்துதல் கூடாது என்று அறிவுறுத்துகின்றனர். வலிப்பும், கை கால்களில் தளர்ச்சியும், படுத்தே இருப்பதால் கால் சிரைகளில் இரத்தம் உறைதலும் ஏனைய இடர்களாகும்.

செவிலியர் இரவிலும் நோயாளியை எழுப்பி, “உங்கள் பெயர் என்ன? இது எந்த ஊர்?” என்று கேட்பது வீண் தொல்லை அன்று. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என அதிக அளவாக 15 மதிப்பெண் வழங்கும் அளவீடு 1974-இல் கிளாஸ்கோ நகரில் உருவாக்கப்பட்டது. 15-இலிருந்து மதிப்பெண் குறையத் தொடங்கினால், ஸ்கேன் எடுத்துக் காரணத்தை உடனே கண்டறிவர்.

மொழியைக் காக்கும் அறுவை

இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவத் துறை 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கியது. அதனை நிறுவிய ஜேக்கப் சாண்டி, கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பா. இராமமூர்த்தி அத்துறைப் பணியைத் தொடங்கினார்.

நோயாளி விழித்திருக்கும்போதே மூளையை ஆராயும் முறையை வளர்த்தவர் பென்ஃபீல்டு. மூளைக்கு வலியுணர்வு இல்லை. தலைத்தோலை மரத்துப்போகச் செய்தால் போதும். மருத்துவர் மூளையின் ஓரிடத்தை மெல்லிய மின்சாரத்தால் தொடுவார். அதே வேளையில் நோயாளி படங்களைப் பார்த்துப் பெயர் சொல்வார். பேச்சு தடைப்பட்டால் அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு, அதனைத் தவிர்த்து அறுவையைத் தொடர்வர்.

இருமொழி பேசுவோரின் மூளையில் அவ்விரு மொழிகளுக்குரிய இடங்கள் சில முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை 1978-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. எனவே, ஒருவர் அலுவலகத்தில் இந்தியும் வீட்டில் தமிழும் பேசுபவராயின், இரண்டிலும் அவரைப் பேசச் செய்து ஆராய்வது நல்லது. இந்தியில் மட்டும் ஆராய்ந்தால், அறுவைக்குப்பின் அவர் அலுவலகத்தில் தடையின்றிப் பேசியும், தம் தாயிடம் பேசச் சொல்லின்றித் தவிக்க நேரலாம். மனிதரின் உயிரோடு அவர்தம் மொழியையும் காப்பது இம்மருத்துவத்தின் கடமையாயிற்று.

சொற்பொருள்

கபாலம் – மூளையைச் சூழ்ந்த எலும்புக்கூடு
பிடரி – பின்கழுத்து, தலையின் பின்புறம்
அழற்சி – வீக்கமும் எரிச்சலும்
சிரை – இதயத்திற்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்

வினாக்கள்

1. உச்சிக்குழியின் பயன் யாது?
2. வயிற்றுக் கட்டிக்கும் மூளைக் கட்டிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. 1884-ஆம் ஆண்டின் அறுவை உணர்த்திய உண்மை யாது?
4. இருமொழி பேசும் நோயாளியை இரு மொழிகளிலும் ஆராய்வது ஏன்?
5. உம் வீட்டில் பேசும் மொழியையும் பள்ளியில் பேசும் மொழியையும் பற்றி எட்டு வரிகளில் எழுதுக.