வடகரையின் தீர்மானம் எங்கே போகிறது?

தென்காசி மாவட்டம் மேக்கரையில் இருக்கும் அடவிநயினார் அணையிலிருந்து கிழக்கே இறங்கினால், தென்னையும் மாவும் நெல்லுமாக விரிந்து கிடக்கிறது வடகரை. அரசு ஏடுகளில் அதன் பெயர் வடகரை கீழ்பிடாகை பேரூராட்சி. மலையை விட்டு இறங்கும் யானைகள் தென்னைகளைச் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போவது இந்தப் பகுதி விவசாயிகளின் நெடுநாள் துயரம். இன்று வடகரையில் நிற்கும் கூட்டம் நாளை பண்பொழிப் பக்கமோ அச்சன்புதூர்ப் பக்கமோ போகும். மூன்றும் பேரூராட்சிகள். மூன்றுக்கும் தனித்தனி மன்றம், தனித்தனித் தீர்மானப் புத்தகம். யானைகளைத் தடுக்க அகழி வெட்ட வேண்டியதும் இழப்பீடு தர வேண்டியதும் மாநில அரசு. அப்படியானால் மூன்று ஊரும் சேர்ந்து ஒரே குரலில் அரசிடம் கேட்பதற்கு என்ன வழி?

பேரூராட்சி மன்றம் மாதந்தோறும் கூடுகிறது. செயல் அலுவலர் தயாரிக்கும் கூட்டப் பொருள் கவுன்சிலர்களுக்கு முன்கூட்டியே வந்துவிடும். குடிநீர்க் குழாய் மராமத்து, வாறுகால் தூர்வாருதல், தெருவிளக்கு, ஒப்பந்தப்புள்ளி எனப் பட்டியல் நீளும். ‘மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்’ என்று பொருளை வாசிப்பார்கள். எதிர்ப்பு எழாவிட்டால் நிறைவேறியதாகப் பதிவாகும். மறுநாள் பத்திரிகையில் ‘ஆல் பாஸ்’ என்று செய்தி வரும். வாறுகாலும் குழாயும் சின்ன விஷயங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மக்கள் ஓட்டுப் போட்டது அவற்றுக்கும் சேர்த்துத்தான். ஆனால் இந்தப் பட்டியலில் அலுவலகம் எழுதி வைப்பதே அதிகம். உறுப்பினர் ஒருவர் தானே எழுதி, முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து, ‘அரசின் கொள்கை இப்படி மாற வேண்டும்’ என்று கேட்கும் தீர்மானத்தை அதில் காண்பது அரிது.

தலைகளை எண்ணுகிற நிலையும் பெரும்பாலும் பதவிக்காகத்தான் வருகிறது. 2022 பிப்ரவரித் தேர்தலில் குற்றாலம் பேரூராட்சியின் எட்டு வார்டுகளில் திமுகவுக்கு நான்கு, அதிமுகவுக்கு நான்கு கிடைத்தன. போதிய உறுப்பினர்கள் வராததால் தலைவர் தேர்தல் மீண்டும் மீண்டும் தள்ளிப்போனது. ஒரு வாக்கின் எடை என்னவென்று அந்த ஊருக்குத் தெரிந்தது அப்போதுதான்.

கிராம ஊராட்சியில் நிலைமை வேறு. செங்கோட்டையைத் தாண்டி மலைச்சாலையில் இருக்கும் புளியரை போன்ற கிராம ஊராட்சிகளில் வாக்காளர் ஒவ்வொருவருமே கிராம சபையின் உறுப்பினர். ஆண்டுக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கேரளத்துக்குக் கனிமம் ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பற்றிப் புளியரைக்காரர் கிராம சபையில் எழுந்து கேட்கலாம், கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்லலாம். வடகரைக்காரருக்கு அந்தச் சபை இல்லை. நகர்ப்புறங்களுக்கென 2022-ல் வந்த பகுதி சபை, கோரிக்கைகளைக் கேட்டு மேலே அனுப்பும் இடமாகவே இருக்கிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரத்தில் பார்த்தோம். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு வெளியானது. அதே மாதம் 23-ஆம் தேதி அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்களின் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ல் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நடைப்பயணமும் கடையடைப்பும் இல்லாமல் வெறும் தாள்கள் இதைச் சாதித்திருக்காது. ஆனாலும் போராட்டத்தின் முதல் ஆவணம் ஊர்களின் கையெழுத்தோடு இருந்தது பெரிய பலம். அதே போராட்டத்தில் முன்னால் நின்ற அ.வல்லாளப்பட்டி ஒரு பேரூராட்சி. அங்கே கிராம சபை கூட்ட முடியாது.

பல ஊர்களின் தீர்மானங்களை ஒரே குரலாக்கும் ஏற்பாடு வேறு நாட்டில் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ளாட்சிகளுக்கென 1905-ல் தொடங்கிய ஒன்றியம் இருக்கிறது. ஏதோ ஒரு சிற்றூர் மன்றம் தன் கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானத்தை அந்த ஒன்றியத்துக்கு அனுப்புகிறது. தீர்மானக் குழு அதைப் படித்து, ஏற்கலாமா வேண்டாமா என்று தன் பரிந்துரையை எழுதுகிறது. ஆண்டு மாநாட்டில் எல்லா ஊர்ப் பிரதிநிதிகளும் விவாதித்து வாக்களிக்கிறார்கள். குழு வேண்டாம் என்றதை மாநாடு ஏற்கலாம். குழு ஏற்றதை மாநாடு தள்ளலாம். நிறைவேறியது மாகாண அரசுக்குப் போகிறது. அரசு அளிக்கும் பதிலை யாரும் படிக்கலாம். என்னை மிகவும் ஈர்ப்பது இந்தக் கடைசிப் படிதான். நம் ஊர்த் தீர்மானங்களுக்கு என்ன பதில் வந்தது என்று அவற்றைப் போட்ட கவுன்சிலருக்கே தெரியாமல் போவது மாற வேண்டும்.

ஊர்கள் சேர்ந்து கேட்பதற்கு நம்மிடம் இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தந்த மாவட்டத் திட்டக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்கள் மாவட்ட ஊராட்சி, நகர்ப்புற மன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுப்பவர்கள். தமிழ்நாட்டில் 2023 ஜூனில் அந்தத் தேர்தல் நடந்தது. ஊராட்சிகளுக்கும் நகரங்களுக்கும் பொதுவான விஷயங்கள், தண்ணீரையும் இயற்கை வளங்களையும் பகிர்வது, சுற்றுச்சூழலைக் காப்பது ஆகியவற்றைக் கருத்தில் கொண்டே மாவட்டத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். அடவிநயினார் அணைக்கு வரும் அனுமன் நதி நீரும் யானை வழியும் இதில் அடங்காதவையா?

வடகரை, பண்பொழி, அச்சன்புதூர் மன்றங்கள் ஒரே வாசகத்தை ஒரே மாதத்தில் நிறைவேற்றுவதற்கு எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை. எந்தெந்தச் சர்வே எண்களில் எத்தனை தென்னை போனது, அகழி எங்கிருந்து எதுவரை வேண்டும், இழப்பீடு எத்தனை நாளில் கைக்கு வர வேண்டும் என்பதெல்லாம் அந்த வாசகத்தில் இருக்க வேண்டும். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆதரித்தவர், எதிர்த்தவர் பெயர்களும் இருக்கட்டும். அதை மாவட்டத் திட்டக் குழுவின் முன் வைத்து, வனத்துறையின் எழுத்துப்பூர்வ பதிலை அடுத்த மாதக் கூட்டத்தின் முதல் பொருளாகச் சேர்க்கச் சொல்லிச் செயல் அலுவலரிடம் கடிதம் கொடுக்கலாம்.