ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்: கதை விரிவாக்கங்களும் ரசிகர்களின் ஏமாற்றமும்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் II என்பது 1999-இல் வெளிவந்த, வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட கணினி உத்தி விளையாட்டு. இதன் புதிய பதிப்பு 2019-இல் வந்தது. அதன் பிறகு புதிய நாகரிகங்களும் கதைத்தொடர்களும் கட்டணம் செலுத்தித் தரவிறக்கும் விரிவாக்கங்களாக வெளியாகின்றன. இவ்வகை விரிவாக்கம் டிஎல்சி எனப்படும்.

தமிழ் ரசிகர்கள் அதிகம் பேசிய விரிவாக்கம், 2022 ஏப்ரல் 28 அன்று வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா'. அதற்கு முன் இந்தியா முழுவதும் 'இந்தியர்' என்ற ஒரே நாகரிகமாக இருந்தது. அது இந்துஸ்தானியர் என்று பெயர் மாற்றப்பட்டு, வங்காளியர், திராவிடர், கூர்ஜரர் ஆகிய மூன்றும் புதிதாகச் சேர்க்கப்பட்டன. பாபர், தேவபாலர் ஆகியோருடன் இராசேந்திர சோழனுக்கும் ஒரு கதைத்தொடர் கிடைத்தது. திராவிடப் படைவீரர்கள் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள். உலகெங்கும் விளையாடப்படும் ஒரு விளையாட்டில் இது சிறிய செய்தியல்ல. விரிவாக்கத்துக்குப் பொதுவாக நல்ல வரவேற்பும் இருந்தது.

குறை எழுந்தது பெயரிலிருந்துதான். மற்ற நாகரிகங்கள் பெரும்பாலும் ஒரு மக்களையோ அரசையோ குறிக்க, 'திராவிடர்' என்பது ஒரு மொழிக்குடும்பத்தின் பெயராக நிற்கிறது. சோழரும் அவர்களோடு நூற்றாண்டுக் கணக்கில் போரிட்ட கன்னட நாட்டு அரசர்களும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறார்கள். 'தமிழர்' என்றோ 'சோழர்' என்றோ வைத்திருக்கலாம் என்பது ரசிகர்களின் வாதம். அடுத்தது குதிரைப்படை. இந்த நாகரிகத்துக்குக் கனரகக் குதிரைவீரர்கள் கிடையாது. தென்னாட்டுக்குப் போர்க்குதிரைகள் கடல்வழியே இறக்குமதியாயின என்பது உண்மைதான். ஆனால் சோழர் கல்வெட்டுகள் குதிரைச் சேவகரையும் குறிப்பிடுகின்றன. கட்டடங்களிலும் நிறைவில்லை: நான்கு இந்திய நாகரிகங்களின் வீடுகளும் சந்தைகளும் ஒரே பாணியில் அமைந்துள்ளன. கப்பலுக்குத் 'திரிசடை' என்று பெயர். வீடணன் மகளை நினைக்கும் தமிழ்க் காதுக்கு இது சற்று வேடிக்கையாகவே ஒலிக்கும்.

ஏமாற்றம் தமிழர்களோடு நிற்கவில்லை. 2024 மார்ச்சில் வந்த 'விக்டர்ஸ் அண்ட் வாங்கிஷ்ட்' 19 தனிக் கதைகளைக் கொண்டது. புதிய நாகரிகம் ஒன்றும் இல்லை. அவற்றில் பல, ரசிகர் ஒருவர் முன்பே உருவாக்கி இலவசமாகத் தந்தவற்றின் திருத்திய வடிவங்கள். 2025 மே மாதம் வந்த 'த்ரீ கிங்டம்ஸ்' சீனத்தின் மூன்றாம் நூற்றாண்டு அரசுகளான வெய், ஷு, வூ மூன்றுக்கும் கதை தந்தது. அதே தொகுப்பிலிருந்த ஜுர்ச்சென், கித்தான் மக்களுக்குக் கதைத்தொடரே இல்லை. இடைக்கால விளையாட்டு என்று நம்பி வாங்கியவர்கள் இதில்தான் மிகவும் கசந்தனர்.

கதைக்குப் பஞ்சம் என்று சொல்லவும் முடியாது. திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அருகிலுள்ள மணிமங்கலமே போதிய சான்று. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய களங்களில் சாளுக்கியர் இரண்டாம் புலிகேசியை வென்றதைக் கூரம் செப்பேடு கூறுகிறது. தோற்று ஓடும் புலிகேசியின் முதுகையே ஏடாக்கி வெற்றி என்ற சொல்லை எழுதினான் என்கிறது அது. புலிகேசியின் படை காஞ்சிக்கு எவ்வளவு அருகில் வந்திருந்தது என்பதை மணிமங்கலத்தின் இருப்பிடமே காட்டுகிறது. 642 அளவில் பல்லவர் வாதாபியையே கைப்பற்றினர். பல்லவரிடம் அடைக்கலம் புகுந்து அவர்களுக்காகப் போரிட்ட இலங்கை இளவரசன் மானவர்மன், பின்னர் பல்லவப் படையின் துணையோடு அனுராதபுர அரியணையைப் பெற்றான்.

அதே ஊரின் இராசகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. 1054 அளவில் கொப்பத்துப் போரில் முதலாம் இராசாதிராசன் யானைமேலேயே உயிர்விட்டான். அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரன் போர்க்களத்திலேயே முடிசூடி வென்றான். அந்தப் போரையும், வீரராசேந்திரன் வென்ற கூடல்சங்கமத்துப் போரையும் மணிமங்கலக் கல்வெட்டுகள் விவரிக்கின்றன. விளையாட்டின் அதிகாரபூர்வக் கதைத்தொடர்களில் பல்லவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

விளையாட்டுடன் களம் அமைக்கும் கருவியும் சேர்ந்தே வருகிறது. நிலப்படம், படைகள், உரையாடல், வெற்றி நிபந்தனை எல்லாவற்றையும் அதில் ரசிகர்களே அமைத்து மற்றவர்களுக்கு இலவசமாகத் தரலாம். 2024-இல் விலைக்கு வந்த கதைகளில் பல அப்படித் தொடங்கியவைதான்.