மார்பகத்தை அடுக்கடுக்காகப் பார்க்கும் எக்ஸ்ரே

மட்டம் வெட்டிய தேயிலைச் செடியை மேலிருந்து பார்த்தால் இலைமேல் இலைதான். உள்ளே காய்ந்த குச்சி தெரியாது. மமோகிராம் எனும் வழக்கமான மார்பக எக்ஸ்ரேயிலும் இதே சிக்கல். அழுத்திய மார்பகம் முழுதும் ஒரே தட்டைப் படமாக விழுகிறது. அடர்ந்த திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஒன்றன் நிழலில் மற்றது மறைந்துவிடும். இளம்பெண்களுக்குத் திசு அடர்த்தி கூடுதல்.

டொமோசிந்தசிஸ் எனும் முப்பரிமாண முறையில் எக்ஸ்ரே குழாய் மார்பகத்துக்கு மேலே வில்லாக நகர்ந்து, சில நொடிகளில் பல கோணங்களில், குறைந்த கதிரளவில் படமெடுக்கிறது. அவற்றைக் கணினி சுமார் 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள அடுக்குகளாக்குகிறது. அமெரிக்கா இதை 2011இல் அனுமதித்தது.

ஆனால் இலங்கை மலையகத்தின் டயகம போன்ற தோட்டங்களில் முதற்சோதனை இன்னும் கைகளால்தான். இலங்கையில் 1996இல் தொடங்கிய சுவநாரி எனும் பெண்கள் நலக் கிளினிக்குகளில் மார்பைத் தொட்டுச் சோதிக்கிறார்கள். கருப்பைக் கழுத்துச் சோதனையும் உண்டு. 35 வயதில் கட்டாயம் போக வேண்டும். அதற்காகக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி மட்டும், விழக்கூடாது.

தொடக்கக் கட்டி பெரும்பாலும் வலிக்காது. கட்டி, தோல் சுருக்கம், உள்ளிழுத்த காம்பு, இரத்தக் கசிவு எது தெரிந்தாலும் தோட்டத்து மருத்துவ மாதுவிடம் உடனே சொல்லுங்கள்.