பழைய உழவு இயந்திரத்துக்கு மேலதிக விளக்கு

இரவில் சூடடிக்கவும் மூட்டை ஏற்றவும் வெளிச்சம் வேண்டும். இதற்காகப் பற்றரியிலிருந்து நேரே வயர் இழுத்து விளக்குப் பூட்டுகிறோம். அணைக்க மறந்தால் விடியப் பற்றரி இறங்கிவிடும். அந்த ஒரு இயந்திரத்தை நம்பியிருக்கும் எல்லாருடைய உழவும் நின்றுவிடும். வயர் உராய்ந்து இரும்பில் முட்டினால் தீயும் பிடிக்கலாம்.

12 வோல்ற்றில் 55 வாற்ஸ் விளக்குகள் இரண்டு ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். பழைய டைனமோவுக்கு அதற்குமேல் பாரம் கூடாது.

முதலில், இரும்புச் சட்டத்துக்குப் போகும் பற்றரி வயரைக் கழற்றிவிடுவோம். பழைய பிரித்தானிய வாகனங்கள் சிலவற்றில் அது நேர்முனையாக இருக்கும், கவனித்துக்கொள்வோம். மற்ற முனைக்கு அருகிலேயே 15 அம்பியர் பியூஸ் போட்டு, அங்கிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை றிலேயின் 30ஆம் முனைக்குக் கொடுப்போம். 87இலிருந்து விளக்குகளுக்கு. 85 இரும்புச் சட்டத்துக்கு. சாவி போட்டால் மட்டும் மின் வரும் வயரைச் சிறு சுவிச் ஊடாக 86க்குக் கொடுப்போம்.

இனிச் சுவிச்சை மறந்தாலும், சாவியைத் திருப்பி எடுத்தால் விளக்கு அணைந்துவிடும். காலையில் இயந்திரம் நம்மைக் கைவிடாது.