மலை மேலே ஒரு யு.கே.ஜி.!

அரையாண்டு லீவு விட்டாச்சு. ஐந்து வயசு வாரிசு காலையிலேயே செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிட்டான். போதாக்குறைக்கு டைரியில், 'கணக்கில் கவனம் இல்லை' என்று மிஸ் எழுதியிருந்தார். அப்பன் பி.காம். ஆச்சே! மானம் போகுமா, போகாதா?

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையிலேயே பையனைக் கிளப்பினேன்.

"மார்கழிப் பனியிலயா? பிள்ளைக்குச் சளி பிடிச்சா நீங்களா பாப்பிய?" என்றாள் மனைவி.

டென்மார்க்கில் 1950களிலேயே காட்டுக்குள் பாலர் பள்ளி ஆரம்பித்தார்கள். நிஜப் பனி கொட்டும்போதும் அங்கே பிள்ளைகள் வெளியில்தான். நம் குமரி மாவட்டக் குளிருக்கு ஒரு குல்லா போதாதா?

மார்த்தாண்டத்திலிருந்து சுமார் 7 கிலோமீட்டரில் சிதறால். மலைக்குக் கல் பாவிய பாதை. "மக்கா, இருபது அடிக்கு ஒரு கல் பொறுக்கி டிரவுசர் பையில போடு" என்றேன். பாதி வழியில் டிரவுசரே இறங்க ஆரம்பித்ததால் எண்ணிக்கையை நிறுத்தினோம். 36 கல்! "அப்போ எத்தனை அடி, எப்பா?" என்றான். கால்குலேட்டர் இல்லாமல் நான் முழித்து, 720 என்றேன். கணக்கில் கவனம் இல்லாத பிள்ளையா இது?

உச்சியில் பாறையின் வெயில் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் தொட்டுப் பார்த்தான். "இது சூடு, அது ஜில்லு. ஒரே பாறைதானே?" சூரியன் வகுப்பு ஆரம்பம்! மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், உச்சிப் பொழுதிலும் நிழல் வடக்கே விழும். ஒரு குச்சியை நட்டு, மணிக்கொரு தரம் நிழல் நுனியில் கல் வைத்தால் கடிகாரம் ரெடி. செலவு சைபர்.

பாறைச் சுவரில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள். தலைக்கு மேல் பாம்புக் குடையோடு நிற்பவர் பார்சுவநாதர். சிங்கமும் குழந்தைகளுமாக அம்பிகா. தொடக்கூடாது, எண்ணலாம் என்பது எங்கள் ஒப்பந்தம்.

இங்கே கல்வெட்டு ஒன்று உண்டு. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ம் ஆட்சியாண்டில், குணந்தாங்கி குரத்தியார் என்ற சமணப் பெண் துறவி இங்குள்ள பகவதிக்குப் பொன் அணி கொடுத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றால் பெண் குரு. அந்தக் காலத்து மிஸ்! சமண முனிவர்கள் தங்கிய இடத்துக்குப் பெயர் பள்ளி. அங்கே படிப்பும் நடந்ததால்தான் 'பள்ளிக்கூடம்' என்ற சொல்லே வந்தது என்கிறார்கள் அறிஞர்கள். நாம்தான் நடுவில் நாலு சுவர் எழுப்பிக் கதவையும் சாத்திவிட்டோம்.

இறங்கும்போது பையன் என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "எப்பா, நாளைக்கும் நீ வருவியா? இல்ல, ஆபீஸா?"

எனக்குத் தொண்டையை என்னவோ செய்தது. மூன்று கேஷுவல் லீவு மிச்சம். டிசம்பர் 31-ஐத் தாண்டினால் அத்தனையும் காலாவதி. அவனுடைய ஐந்து வயசும் அப்படித்தானே?

மறுநாள் லீவு லெட்டரை நீட்டினேன். "என்னய்யா காரணம்?" என்றார் மேனேஜர்.

"பையனுக்குக் கணக்கு டியூஷன், சார்!"